ஓநாய்ப் பேரரசனும் தண்ணீர் தோண்டிய கழுதையும்

மங்கோலியப் புல்வெளியில் போரோ என்றொரு ஓநாய் இருந்தது. குட்டியாக இருந்தபோதே அதன் கூட்டம் அதைத் துரத்திவிட்டது. எலி பிடித்துத் தின்று தனியாகப் பிழைத்தது. வளர்ந்ததும், தன்னைப் போலவே துரத்தப்பட்ட ஓநாய்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படை அமைத்தது. ஐந்தே ஆண்டுகளில் பனிமலை முதல் மணல்காடு வரை எல்லா விலங்குகளும் அதற்குப் பணிந்தன.

“இனி நான்தான் பேரரசன். ஓடைக்கரை முழுவதும் ஓநாய்களுக்கே. மற்றவர்கள் மணல்காட்டுக்குப் போங்கள்,” என்றது போரோ.

காட்டுக் கழுதைகளின் தலைவி துல்மா முன்னால் வந்தது. “அரசே, அங்கே ஓடையே கிடையாதே. எங்கள் குட்டிகள் என்ன செய்யும்?”

“தோற்றவர்கள் கேள்வி கேட்கக் கூடாது.”

துல்மா தன் கூட்டத்தோடு மணல்காட்டுக்கு நடையைக் கட்டியது.

அதற்குப் பின் வந்த மூன்றாம் கோடையில் மழை பொய்த்தது. ஓடை வற்றிச் சேறானது. பிறகு சேறும் காய்ந்தது.

ஓநாய்ப் படைத்தலைவன் கரையில் நின்று, “ஓடையே, பேரரசர் ஆணை! உடனே ஓடு!” என்று உறுமிப் பார்த்தது. ஓடை அசையவில்லை.

அந்த வழியாகப் பறந்த பருந்து சொன்னது: “மணல்காட்டில் கழுதைக் குட்டிகள் துள்ளி விளையாடுகின்றன. தண்ணீர் இல்லாமலா?”

“படையைக் கிளப்பட்டுமா?” என்றது படைத்தலைவன்.

“தண்ணீரைக் கடித்தா பிடிப்பாய்? நான் மட்டும் போகிறேன்,” என்றது போரோ.

இரண்டு நாள் நடந்து போய்ச் சேர்ந்தது. அங்கே துல்மா குளம்பால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. குழியில் தண்ணீர் ஊறியது.

போரோ தலை குனிந்தது. “எங்கள் குட்டிகளுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. உங்களைத் துரத்தியது என் தவறு.”

துல்மா சற்று யோசித்தது. “முதலில் குடியுங்கள். உங்கள் ஓடையிலும் தோண்டித் தருகிறோம். ஆனால் கரையில் பாதி எங்களுக்கு. தண்ணீர்க் குழியருகே யாரையும் வேட்டையாடக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்,” என்று சொல்லிவிட்டு போரோ ஆவலோடு குடித்தது.

“அம்மா, பேரரசருக்குச் சேற்று மீசை!” என்றது ஒரு கழுதைக் குட்டி. கூட்டமே நடுங்கியது. போரோவோ வாய்விட்டுச் சிரித்தது.

மறுநாளே கழுதைகள் கிளம்பி, ஓடைக்குத் திரும்பி வந்து தோண்டின; அங்கேயும் தண்ணீர் ஊறியது. போரோ பல்லெல்லாம் விழுந்த பிறகும் பேரரசனாகவே இருந்தது. அதை எதிர்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

நாட்டைப் பிடிக்கப் பலம் போதும். அதை ஆள, தோற்றவர்களையும் மதிக்கத் தெரிய வேண்டும்.