பதினோரு சுற்று

பரங்கிமலையில் நோரீன் மிஸ்ஸிடம் செலின் பன்னிரண்டு வருஷமாக ஜாஸ் பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். செலினுக்கு ஐம்பத்திரண்டு வயது. மிஸ் பத்து வயது மூத்தவள், அவ்வளவுதான். ஆனாலும் செலின் அவள் எதிரே உட்காரக் கூசுவாள். இருக்காதா பின்னே? நீல அட்டை போட்ட அந்த இசைத்தட்டில் பாடியவள் அல்லவா! நாற்பது வருஷமாக ஆட்கள் தேடித் தேடிக் கேட்கிற தட்டு. சும்மா சொல்லக்கூடாது, குரல் என்றால் அதுதான் குரல்.

போன வருஷம் செலினின் மகள் பிரிசில்லா செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஐந்தே நாள். அன்றிலிருந்து செலினுக்குப் பாட்டு வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஒன்றுமில்லையாம்!

நாளைக்கு முதல் நினைவு நாள். நீலத்தட்டின் கடைசிப் பாட்டைக் கல்லறையில் பாட வேண்டும் என்று செலின் நினைத்திருந்தாள். பிரிசில்லா துணி தேய்க்கும்போதெல்லாம் முணுமுணுக்கிற பாட்டு அது.

மதியச் சாப்பாட்டுக்குக் கூட உட்காராமல் மிஸ் வீட்டுக்கு ஓடினாள்.

"நாளைக்கு ஒரு நாள் குரல் வந்தா போதும், மிஸ். அதுக்கப்புறம் இந்தப் பாழாப்போன தொண்டை எனக்கு வேண்டவே வேண்டாம்."

மிஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். செலின் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பதினொண்ணு எண்ணிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன், உங்களை மாதிரியே."

அந்தக் கணக்கு அந்தத் தட்டைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். பாட்டுக்கு முன்னால் பியானோவில் ஒரு சின்ன முன்வாசிப்பு வரும். பாடுகிறவர் தயாராகும்வரை அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பது வழக்கம். மற்ற பாட்டுகளில் ஒரு சுற்றுதான். கடைசிப் பாட்டில் மட்டும் பதினோரு சுற்று. அந்தக் காத்திருப்பைப் புகழ்ந்து பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

"நான் எண்ணினேன்னு யார் சொன்னா?" என்றாள் மிஸ்.

"எண்ணலையா?"

"அதைப் பதிவு பண்றதுக்கு நாலு நாள் முன்னாடிதான் என் பையனைப் புதைச்சோம். ஆறு மாசக் குழந்தை. மத்த பாட்டெல்லாம் எப்படியோ பாடிட்டேன். இதுக்கு வாய் திறக்கல. ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நிறுத்து, நிறுத்துன்னு கையைக் காட்டுறார். பியானோவில இருந்த ஆர்ச்சி நிமிர்ந்தே பாக்கல, வாசிச்சுக்கிட்டே இருந்தான்."

செலின் தேநீரைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் மிஸ் இதைச் சொன்னதே இல்லை.

"அப்புறம் மனசு ஆறிச்சா, மிஸ்?"

"இல்ல."

"அழுது முடிச்சீங்களா?"

"இன்னிக்கு வரைக்கும் முடியல."

"அப்புறம் எப்படித்தான் பாடினீங்க?"

மிஸ் எழுந்து போய் பியானோவைத் திறந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு இடது கை விளங்காது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வலது கையால் அந்த முன்வாசிப்பை ஆரம்பித்தாள்.

செலின் பியானோ ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோராவது சுற்று முடிந்ததும் வாயைத் திறந்தாள். காற்றுதான். மிஸ் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இருபது போயிற்று, முப்பது போயிற்று. தேநீரில் ஆடை படிந்துவிட்டது. மிஸ்ஸின் விரல் இரண்டு இடத்தில் வழுக்கியது. செலினுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"விடுங்க மிஸ், வராது. கை என்னத்துக்கு ஆகும்? இன்னும் எத்தனை தடவை?"

"பதினொண்ணுன்னு எண்ணினது தட்டைக் கேட்டவங்க. வாசிச்சவன் எண்ணல."

செலின் மறுபடி வாயைத் திறந்தாள். பிரிசில்லா, பிரிசில்லா என்று நெஞ்சு அடித்துக்கொண்டதே தவிர, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

"நாளைக்கும் வரலைன்னா?" என்று கேட்டு அழுதாள்.

மிஸ் நிமிரவில்லை. விரலும் நிற்கவில்லை.

"கல்லறைக்குப் பியானோவைத் தூக்கிட்டு வர முடியாது, செலின். முன்வாசிப்பை நான் வாயாலயே போடுறேன். நீ பக்கத்துல நில்லு."