மண்டபம் மூச்சடக்கிய நேரம்

தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் எழும்பியது. சூளையில் சுடாத மண்கல் வைத்துக் கட்டிய, முழம் தடிமனுக்குச் சுவர்கள். கூரை நிறைய சோலார் தகடு. படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி. பூமியைச் சூடாக்காத மண்டபம் என்று வாசலில் போர்டே மாட்டியிருந்தார் மேனேஜர் சொர்ணகுமார்.

அந்தப் போர்டைப் படித்துப் படித்து உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் நிபுணர்களாகிவிட்டார்கள்.

"வருங்காலமே நம்ம கையிலதான் இருக்கு" என்று தகடு சொல்லும்.

"உன் கையில பகல்தான் இருக்கு. ராத்திரி என் கையிலல்லா இருக்கு" என்று பேட்டரி மறுக்கும்.

சுவர் மட்டும் பேசாது. அதனிடம் யாரும் கருத்துக் கேட்டதும் இல்லை.

கூடத்து ஏசிக்குப் பேச நேரமில்லை. அதற்குப் பயம். போன மாசம் ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து, மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார்: "சாப்பாடு பிரமாதம். மண்டபம்தான் அடுப்பு!" கூட்டம் சிரித்தது. சொர்ணகுமார் சிரிக்கவில்லை. ஏசியை அண்ணாந்து பார்த்து, "இன்னொரு தடவை எவனாவது வேர்க்குதுன்னு சொல்லட்டும், உன்னைக் கழட்டி எடைக்குப் போட்டுருதேன்" என்றார். அன்றிலிருந்து, உள்ளே வருகிறவர்களின் முகத்தை ஏசி பார்ப்பதில்லை. நெற்றியைத்தான் பார்க்கும்.

சித்திரை மாசத்தில் ஒரு காலை, தெருமுனை டிரான்ஸ்பார்மர் அண்ணாச்சி கம்பி வழியாகக் கூப்பிட்டார்.

"என்ன வே, எல்லாரும் இருக்கியளா? இன்னைக்கும் ரிசப்ஷனா?"

"ஆமா அண்ணாச்சி. அறுநூறு பேரு" என்றது ஏசி.

"அப்ப ஒண்ணு கேக்கணும். ஏழு மணியானா மோட்டாரு, கிரைண்டரு, டிவின்னு ஊரே ஒண்ணுபோல கையை நீட்டுது. உங்க கைதான் அதுல பெரிய கை. லைன் கடைசியில பீடி சுத்துற உலகம்மாள் வீடு. அங்க போய்ச் சேரும்போது என்கிட்ட ஒண்ணும் மிஞ்சல. ஒரு அரைமணி நேரம் விட்டுக் கொடுத்தா என்ன?"

கம்பியில் இன்னொரு குரல் மெல்ல இடறிக்கொண்டு வந்தது. உலகம்மாள் வீட்டு நெபுலைசர் அது. அவளுடைய மூன்று வயது மகள் சுபிதாவுக்கு வீசிங் வந்தால் மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் சின்ன மிஷின்.

"நேத்து ஏழு மணிக்கு எனக்கே மூச்சு வரலண்ணே. பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடுதா. நான் திக்கித் திக்கி நின்னுட்டேன். அவ அம்மா என்னைத் தட்டித் தட்டிப் பாத்தா. அப்புறம் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனா. ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் வாராங்க. தினமும் ஏழு மணி மருந்து தவறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

நிபுணர்கள் உடனே கூடினார்கள்.

"கொள்கை அளவுல எனக்குச் சம்மதம்தான். ஆனா அந்நேரம் நான் இருட்டுல கிடப்பேனே" என்றது தகடு.

"லைட்டு, மைக்கு எல்லாம் நான் சுமந்துக்கிடுதேன். ஏசியைச் சுமந்தா என் இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றது பேட்டரி.

"இதை ஆராய ஒரு கமிட்டி போடுவோம். மூணு மாசத்துல அறிக்கை வந்திரும்" என்றது கரண்ட் மீட்டர்.

"பிள்ளை இன்னைக்கு மூச்சு விடணும் வே" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் ஏசியைப் பார்த்தார்கள்.

"என்னை விட்டிருங்க. அறுநூறு பேரு வேர்வையும் என் தலையிலதான் விடியும்."

அப்போதுதான் சுவர் வாயைத் திறந்தது. "மத்தியானம் என்ன செய்வீரு?"

"சும்மா கிடப்பேன்."

"சும்மா கிடக்காம ஓடும். உச்சி வெயில்ல தகடு கரண்டை வச்சுக்கிட்டு, வாங்க ஆளில்லாம முழிக்குது. அந்தக் குளிரை என்கிட்ட கொடும். நான் மண்ணு. பையத்தான் வாங்குவேன், பையத்தான் விடுவேன்."

"ஆளில்லாத மண்டபத்துக்குக் குளிரா! நல்ல நிபுணர்தான்" என்று பேட்டரி சிரித்தது.

ஏசி சிரிக்கவில்லை. நெபுலைசரின் திக்கல் அதன் காதிலேயே கிடந்தது. மத்தியானம் முழுக்க, காலி நாற்காலிகளுக்கு முன்னால் அது ஓடியது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்காமல் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். சுவர் குளிரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தது.

சாயங்காலம் கூட்டம் நிறைந்தது. மணி ஏழு. ஏசி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்தியது. விளக்குகளைப் பேட்டரி வாங்கிக்கொண்டது.

மூன்றாம் வரிசையில் இரண்டு பெண்கள்.

"யக்கா, ஏசி என்னமா குளிருது! பட்டுச் சேலையிலயும் நடுங்குது."

"முந்தானையை இழுத்துப் போத்துட்டி. கொஞ்சம் குறைக்கச் சொல்லணும் இவங்கள."

ஓடாமல் கிடக்கிற தனக்கா இந்தப் பேர்? ஏசிக்குச் சிரிப்பும் வந்தது, எங்கேயோ வலிக்கவும் செய்தது. இத்தனை நாள் தான் இல்லாவிட்டால் எல்லாம் குடிமுழுகிப் போகும் என்றல்லவா நினைத்திருந்தது.

கம்பியில் தூரத்திலிருந்து ஒரு சீரான இரைச்சல் வந்துகொண்டிருந்தது. திக்காத இரைச்சல்.

ஏழு இருபது. பந்திக்கு நின்ற ஒருவர் மேல் பட்டனைக் கழற்றினார். இன்னொருவர் பத்திரிகையை மடித்து விசிறினார்.

"இன்னும் இருக்கா?" என்று ஏசி கிசுகிசுத்தது.

"கொஞ்சம்தான் இருக்கு" என்றது சுவர். "முடிஞ்சவரைக்கும் தாரேன்."

ஏழு முப்பது. "என்ன மேனேஜரே, லேசா வேர்க்குதே" என்றது ஒரு குரல். சொர்ணகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏசிக்கு நேர் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார்.

அந்த நேரம் கம்பியில் நெபுலைசரின் குரல் வந்தது. "அண்ணே, மருந்து முழுசும் இறங்கிட்டு. நெஞ்சுல சத்தம் இல்ல. மேல ஃபேனும் நல்லா சுத்துது, பிள்ளை இப்பத்தான் கண்ணை மூடுதா. நீங்க ஓடுங்கண்ணே. உங்களை ஏசப் போறாங்க."

சொர்ணகுமாரின் நெற்றியில் ஒரு துளி வேர்வை இறங்குவதை ஏசி பார்த்தது.

"இருக்கட்டும் தாயி" என்றது. "நான் ஓடினா அந்த ஃபேன் நின்னுரும். பிள்ளை நல்லா அசந்து தூங்கட்டும்."