காணாமல் போன ஐந்து குடம்

ஜமீன் அரண்மனையில் மாலை கட்டும் செங்கமலம் ஒரு நாள் பூசைக்குத் தாமதமாக வந்தாள். செடிகளுக்கு இருபது குடம் தண்ணீர் ஊற்றும்படி காரியஸ்தர் அனந்தராயர் தண்டனை போட்டார். அவளோ தங்கையின் கல்யாணத்துக்குப் போகும் வண்டியைப் பிடித்தாக வேண்டும்.

அன்று ஜமீன்தாரின் பிறந்தநாள். அதனால் எல்லாத் தண்டனைக்கும் இரண்டு சலுகைகள் உண்டு. ஒன்றில் பத்துக் குடம் குறையும். இன்னொன்றில் குடங்களின் எண்ணிக்கை பாதியாகும்.

"இருபதில் பத்துப் போனால் பத்து. அதில் பாதி ஐந்து. ஐந்து குடம் ஊற்றிவிட்டுப் போ" என்றார் ராயர்.

"முதலில் பாதியாக்கிவிட்டு, பிறகு பத்தைக் கழிக்கலாமா ஐயா?"

"எதை முதலில் செய்தால் என்ன? விடை ஒன்றுதான். எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாயா?"

ஊஞ்சலில் இருந்த ஜமீன்தார் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஒன்றுதான் என்றால் என் வழியிலேயே செய்யுங்களேன்."

"சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன். இருபதில் பாதி பத்து. பத்தில் பத்துப் போனால்..."

"ஒன்றுமில்லை ஐயா. நான் வரட்டுமா?"

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ போய் வண்டியைப் பிடி, அம்மா. ராயரே, இரண்டு வழியும் ஒன்றுதான் என்றீர். நடுவில் காணாமல் போன ஐந்து குடத்தை நீரே ஊற்றிவிடும்."