குளத்து நஞ்சைக் குடித்த எருக்கு

மாடும் மரமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஊரிலேயே இனிப்பான இலை எருக்கஞ்செடிக்குத்தான். குளக்கரையில் தளதளவென்று நிற்கும். மேய வருகிற மாடுகள் வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காது. எருக்குக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஒருநாள் கரைமேட்டில் செம்பு உருக்குகிறவர்கள் வந்து குடியேறினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள். அதனால் உலைக் கசடு கழுவிய பச்சை நிறத் தண்ணீரையும் கூசாமல் குளத்துப் பக்கம் ஊற்றினார்கள்.

"செம்பு தொட்ட தண்ணி! குடிக்கிறதுக கொடுத்து வச்சதுக" என்பார் அவர்களில் மூத்தவரான கூத்தன் ஆசாரி.

முதலில் மீன் செத்து மிதந்தது. பிறகு கரையோரப் புல் கருகியது. அப்புறம் நீலி என்ற எருமையின் தலையீற்றுக் கன்று குளத்தில் வாய் வைத்துவிட்டுக் கால் மடங்கி விழுந்தது. அதைக் கண்டு பதறிப்போன ஆசாரி, கசடு ஊற்றுவதை நிறுத்தினார். ஊற்றியதை எடுக்கத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

"எருக்கண்ணே, இந்தக் குளத்த விட்டா எங்களுக்கு ஏது தண்ணி? எம்புள்ள பொழைக்காதா?" என்று நீலி கதறினாள்.

எருக்கு அக்கம்பக்கம் பார்த்து, "வாங்க, ஆளுக்குக் கொஞ்சம் நஞ்ச உறிஞ்சிடலாம்" என்று கூப்பிட்டது. வாழை தலையைக் கவிழ்த்துக்கொண்டது. நாணலுக்கு உயிர் வெல்லம். அது எதிர்க்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டது.

"சரி போங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று எருக்கு தன் வேரை ஆழ விட்டது. கசடு ஊறிய மண்ணிலிருந்து நஞ்சையெல்லாம் குடித்தது. உடம்பு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று, வேரிலும் இலையிலும் குட்டிக் குட்டி அறைகள் கட்டி, குடித்ததை உள்ளே போட்டுப் பூட்டியது. மழை பெய்து குளம் தெளிந்தது. கன்று எழுந்து வயிறாரத் தண்ணீர் குடித்தது.

நீலி கன்றோடு ஓடிவந்தாள். "அண்ணே, எம்புள்ள முதல்ல உன் இலையத்தான் திங்கணும்!"

எருக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. இலை முழுக்க நஞ்சு அல்லவா? இவளிடம் சொல்லிவிடலாம். நாளைக்கு வருகிற கன்றுக்கு யார் சொல்வது? இனிக்கிற இலையை மாடு விடுமா? யோசிக்க நேரமில்லை. தன் இனிப்பு முழுவதையும் அங்கேயே உதறியது. உடம்பில் ஓடிய சாற்றை எரிக்கும் பாலாக மாற்றிக்கொண்டது. இலையை ஒரு தரம் நக்கிய கன்று தூவென்று துப்பியது.

"இப்படிக் கசந்துட்டியே அண்ணே! இனி உன்கிட்ட யார் வருவா?" என்று நீலி அழுதாள்.

"வர வேண்டாம் தங்கச்சி. குளத்து நஞ்சு பூராவும் என் காவல்ல இருக்கு. எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்று எருக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது.

அன்று முதல்தான் எருக்கில் எந்த மாடும் வாய் வைப்பதில்லை. மற்ற செடிகள் முளைக்க அஞ்சுகிற கெட்ட மண்ணிலும் அது ஒற்றையாய்த் தழைத்து நிற்கிறது. போய் ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள், பாலைக் காட்டி 'தள்ளி நில்' என்று அதட்டும்.