பன்னிரண்டு மயில்

"டீச்சர், என் தோட்டத்தைப் பார்க்க ஊரே வருது. என் வீட்டுக்காரி மட்டும் வரமாட்டேங்கா."

ஆவுடையப்பன் இப்படிச் சொல்லிவிட்டு, மண் கலக்கிக்கொண்டிருந்த எஸ்தருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தலைமையாசிரியராக இருந்து பாளையங்கோட்டைப் பிள்ளைகளை நடுங்க வைத்த மனுஷர். இப்போது ஞாயிறுதோறும் எஸ்தரிடம் வீட்டுத் தோட்டம் போடப் படிக்கிறார். எஸ்தருக்கு முப்பத்து நாலு. காலம் செய்கிற வேடிக்கையைப் பாருங்கள்!

"என்னென்ன வச்சிருக்கீங்க ஸார்?" என்றாள் எஸ்தர், நிமிராமல்.

கேட்டதுதான் தாமதம், அளக்க ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் பெயின்ட் அடித்த பழைய டயர்களில் மேசை ரோஜா. ஆட்டுக்கல் குழியில் குருவிக்குத் தண்ணீர். செங்கல் பாவிய நடைபாதை, ஓரத்தில் கண்ணாடி பாட்டில் வரிசை. பன்னிரண்டு சிமென்ட் தொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மயில், எல்லாம் அவர் கையால் வரைந்தது. நட்டநடுவே மீசை முறுக்கிய திருஷ்டிப் பொம்மை.

"கேட்டுக்கு வெளிய நின்னு செல்ஃபி எடுக்காங்க டீச்சர். காலனிச் சங்கத்துல ஷீல்டு குடுத்தாங்க."

"பெறவு என்ன குறை?"

அவர் குரல் இறங்கிவிட்டது.

போன தை மாசம் அவர் மனைவி கோமதி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி எலும்பும் கூடிவிட்டது. தினமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவளோ கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு, அங்கிருந்து திரும்பக் கட்டிலுக்கு. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள்.

"அவளை வெளிய வர வைக்கத்தான் இவ்வளவும் செஞ்சேன். அவளுக்காகத்தான். பயமா இருக்கு டீச்சர்."

எஸ்தர் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"முதல் நாள் வகுப்புல நான் என்ன சொன்னேன்?"

அவர் எழுந்து நின்று ஒப்பித்தார். "செடிக்கு முகம் உண்டு. பார்க்கிறவங்க பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கணும்."

"வச்சீங்களா?"

"ஒண்ணு விடாம. நோட்டுல சிவப்பு மையில அடிக்கோடே போட்டிருக்கேன்."

"நாளைக்குக் காலையில வாரேன். காபி உண்டுல்லா?"

மறுநாள் ஆவுடையப்பன் சலவை வேட்டியில் கேட்டருகே நின்றார். எந்த இடத்தில் நின்றால் பன்னிரண்டு மயிலும் ஒருசேரத் தெரியுமோ, அங்கே கோலப்பொடியால் ஒரு வட்டம் வேறு போட்டு வைத்திருந்தார்.

எஸ்தர் அந்த வட்டத்தைத் தாண்டி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஷீல்டு வாங்கின தோட்டம்! ஒரு பார்வை பார்த்தால் குறைந்தா போய்விடுவாள்?

உள்ளே கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காருதீங்களா? உங்க நாற்காலி வேணும்."

கோமதி வாக்கரைப் பிடித்து நாலடி நடந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஸார், நீங்க இதுல உக்காருங்க."

"நானா? தோட்டம் வெளியல்லா இருக்கு?"

"உக்காருங்க. காபி குடிச்சு முடிக்க வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அவளே அடுக்களைக்குப் போய்க் காபி போட்டாள். இருவருக்கும் கொடுத்தாள். தன் பங்கை நின்றபடியே குடித்தாள். "வாரேன்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஆவுடையப்பன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார்.

பன்னிரண்டு தொட்டிகளின் பின்பக்கம் தெரிந்தது. பெயின்ட் படாத வெறும் சிமென்ட். தெருவில் போகிறவர் கண்ணில் படக் கூடாதென்று தொட்டிகளுக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்த உரச்சாக்கு, மண்வெட்டி, ஓஸ் பைப்பு எல்லாம் அப்பட்டமாகக் கிடந்தன. செம்பருத்தி பூவையெல்லாம் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நடுவில் பொம்மையின் முதுகு.

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொம்மைக்கு முதுகுல ஒரு ஓட்டை இருக்கு" என்றாள் கோமதி. "உள்ள ஒரு ஓணான் குடியிருக்கு. சாயந்தரம் அஞ்சு மணிக்குத் தலையை நீட்டும்."

"கோமு... ஏன் சொல்லலை?"

"ஊரே புகழுது. நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க. நான் வேற அதைக் கெடுப்பானேன்?"

அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. காபியை ஒரே மடக்கில் குடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

முதல் தொட்டியைக் கட்டிப்பிடித்து, மூச்சைப் பிடித்துத் திருப்பினார். சலவை வேட்டி பாழ். ஒரு மயில் ஜன்னலைப் பார்த்தது. பிறகு இன்னொன்று. உரச்சாக்கைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் போட்டார். பொம்மையின் தோளில் கை வைத்தார். அதற்குள் கோமதி மறுபடி ஜன்னலோர நாற்காலிக்கு வந்திருந்தாள்.

"ஏங்க! அதைத் தொடாதீங்க. ஓணான் பயந்துரும்."

சரி என்று விட்டுவிட்டுச் செம்பருத்தித் தொட்டிக்குப் போனார்.

"இடது பக்கம் தள்ளுங்க."

தள்ளினார்.

"ஐயோ, உங்க இடது இல்லங்க. என் இடது!"

அந்தப் பக்கம் தள்ளினார். முதுகு விண்ணென்று தெறித்தது.

"இப்போ?"

பதில் இல்லை.

"கோமு, இப்போ சரியா?"

நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் ஆள் இல்லை. கட்டிலும் காலி. மறுபடி விழுந்துவிட்டாளோ?

வாசற்படியில் டக் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு டக்.

"இத்தனை வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்து என்ன பிரயோஜனம், இடது வலது தெரியலை! தள்ளுங்க, நானே வந்து காட்டுதேன்."