ஆவுடை கூட்டிய வெளிச்சம்

“டீச்சர், பட்டை மறுபடியும் போயிட்டு” என்றார் சண்முகவேல்.

குழல்வாய்மொழி அவருக்கு டிவி பழுது பார்க்கச் சொல்லிக்கொடுப்பவள். அவரைவிட வயதில் சிறியவள். பேச்சில் படு சிக்கனம். சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டாள்.

வருகிறது. டார்ச் அடித்தால் படமும் மங்கலாகத் தெரிகிறது. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற எல்இடி பட்டைதான் செத்துவிட்டது. கட்டிலில் போர்வை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனலைத் தூக்கி, அவரே மாற்றிய பட்டை. மாற்றுவதும் அது போவதுமாக அவருக்கு வெறுத்தே போயிற்று.

சத்தம் மட்டும் வந்து என்ன பிரயோஜனம்? அவர் மனைவி ஆவுடைக்கு ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. வாயசைவைப் பார்த்துத்தான் எதையும் புரிந்துகொள்வாள். சாயங்காலம் ஆனால் அவளுக்கு இருக்கிற ஒரே துணை டிவியில் தெரிகிற படம். இப்போது கறுத்த திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

“வெளிச்சத்தக் கொறச்சு வைக்கச் சொன்னேனே, அண்ணாச்சி?”

முழு வெளிச்சத்தில் ஓடினால் பட்டை சூடேறிச் சாகும். அவள் நடத்திய முதல் பாடமே அதுதான்.

“நான் கொறைக்கேன், அவ கூட்டுதா. ரிமோட்ட ஒளிச்சு வச்சும் பாத்துட்டேன்.”

“ஏன் கூட்டுதாங்கன்னு கேட்டீங்களா?”

“அவகிட்ட என்னத்தக் கேக்க?”

குழல்வாய்மொழி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவர் வீட்டில் இருவருமாகப் புதுப் பட்டையைப் போட்டார்கள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். படம் வந்தது. ஆனால் எதிர்ச் சுவரில் எரிந்த ட்யூப்லைட் திரையின் நடுவே வெள்ளையாக விழுந்து முகங்களை மறைத்தது.

குழல்வாய்மொழி எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்தாள். படம் பளிச்சென்று தெரிந்தது.

இவ்வளவுதானா என்று சண்முகவேலுக்கு அழுகை வராத குறை. இதற்கா இத்தனை நாள் மல்லுக்கட்டினோம்?

ஆவுடை எழுந்தாள். ட்யூப்லைட்டைப் போட்டாள். திரை மங்கியது. ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களா டீச்சர்? இவளோட மனுசன் குப்ப கொட்ட முடியுமா?”

குழல்வாய்மொழி ஆவுடையின் முன்னால் போய்க் குனிந்தாள். ட்யூப்லைட்டைக் காட்டி, நிறுத்தி நிதானமாக வாயசைத்தாள்.

“எதுக்குக்கா?”

ஆவுடை டிவிக்குப் பக்கத்திலிருந்த கணவரின் நாற்காலியைக் காட்டினாள். அதன் கைப்பிடியில் போன் சார்ஜர் வயர் தொங்கியது.

“இவுக அதுல உக்காந்து போனையே பாத்துட்டிருப்பாக. எப்பவாவது நிமுந்து எங்கிட்ட ஏதாவது சொல்லுவாகள்லா? இருட்டுல வாய் தெரியாது.”

குழல்வாய்மொழி பையை மூடினாள். இதற்குமேல் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

சண்முகவேல் டிவியை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் வரவில்லை.

ஆவுடை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.