ஆமக்கா காட்டிய இடம்

கடலும் கரையும் நம்மோடு வாய்விட்டுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அப்போது ஆமைக்கு அழத் தெரியாது. அழவேண்டிய தேவையே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! வடகரை மணலில் குழி தோண்டி முட்டையிடும். குஞ்சுகள் வெளிவரும்வரை பக்கத்திலேயே காவல் கிடக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கடலுக்குள் கூட்டிப்போகும்.

அப்படிப் பங்குனி ஆமை இனத்து ஆமை ஒன்றுக்கும், கரையில் மீன் விற்ற பூங்காவனத்துக்கும் ஒட்டுறவு அதிகம். இவள் அதை "ஆமக்கா" என்பாள். அது இவளைத் "தங்கச்சி" என்னும்.

அந்த வடகரைக்குத் தெற்கே ஊரில் அன்றைக்கு இருந்த துறைமுகம் ரொம்பச் சின்னது. கூப்பிடு தூரம்கூட நீளாத ஒரு கற்சுவர், அவ்வளவுதான். பெருங்காற்று அடித்தால் திரும்பி வரும் படகுகள் வாசலிலேயே கவிழும். பூங்காவனத்தின் அண்ணன்மார் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். சுவரை நீட்டலாம் என்று ஊரே கூடிக் கல்லைக் கொட்டியது. கொட்டியதெல்லாம் சேற்றுக்குள் போய்விட்டது.

பூங்காவனம் ஆமையிடம் ஓடிவந்தாள்.

"ஆமக்கா, கடலடியில கெட்டித் தரை எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். காட்டிக்குடு. என் வீட்டுக்காரரையும் கடல் கொண்டுபோயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பக்கத்தில் வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டு தலையை நீட்டியது. "வேணாம் ஆமக்கா. மணல் தெக்கேருந்து நடந்துதான் நம்ம கரைக்கு வருது. வழியை அடைச்சிடாதே."

"போடா! இப்ப இருக்கிற சுவரைச் சுத்திக்கிட்டு வரலையா? நீட்டினாலும் சுத்திக்கிட்டு வரும்" என்றது ஆமை. கடலையே கரைத்துக் குடித்த நினைப்பு அதற்கு. மணலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஆமை முன்னே நீந்தியது. கல் ஏற்றிய கட்டுமரங்கள் பின்னே போயின. அது காட்டிய இடத்திலெல்லாம் கல் விழுந்து நின்றது. சுவர் பத்து மடங்கு நீண்டது. அந்த ஐப்பசிப் புயலில் ஒரு படகுகூடக் கவிழவில்லை. "என் தாலியைக் காப்பாத்தின மகராசி!" என்று பூங்காவனம் ஆமையைக் கட்டிக்கொண்டாள்.

தை மாதம் ஆமை வழக்கமான இடத்தில் முட்டையிட்டது. கரை கொஞ்சம் ஒடுங்கித்தான் இருந்தது. காற்று திரும்பினால் மணல் வந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டது. எங்கே வர? அவ்வளவு மணலும் சுவருக்குத் தெற்கே குவிந்து கிடந்தது. மாசியில் ஒரு விடியற்காலை இரை தேடிப்போய்த் திரும்பினால், கரையைக் காணோம். குழி இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அதன் அலறல் கேட்டுப் பூங்காவனம் ஓடிவந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் துழாவினாள். கைக்கு வந்ததெல்லாம் உடைந்த முட்டைகள். ஒன்றில் குஞ்சு முழுசாக உருவாகியிருந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. அவளுக்கு ஆமையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஆமக்கா, ஊர் கால்ல விழுந்தாவது அந்தக் கல்லை எடுக்க வைக்கிறேன்."

ஆமை துறைமுகத்தைப் பார்த்தது. உள்ளே படகுகள் ஆடாமல் அசையாமல் நின்றன. பூங்காவனத்தின் புருஷன் ஒரு படகில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தான். ஐயோ, அப்போதுதான் அதன் கண்ணிலிருந்து முதல்முதலாகத் தண்ணீர் இறங்கியது.

"வேணாம் தங்கச்சி. கல் இருக்கட்டும். இனிமே மிச்சமிருக்கிற மணல்ல முட்டையை வெச்சிட்டு நான் போயிடுறேன். பக்கத்துல இருந்து அலை அதை அள்ளுறதைப் பாத்தேன்னா, என் வாயே கல்லை எடுன்னு கேட்டுடும்."

அந்த மாசியிலிருந்துதான் ஆமை அழுதுகொண்டே முட்டையிடுகிறது. மணலைத் தள்ளி மூடியதும், திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் இறங்கிவிடுகிறது.